கோழி மேல் விழுந்த பழி

வேலிக்கு அந்தப் பக்கம் வேலாயுதம் ஒரு தக்காளிச் செடியை வேரோடு பிடுங்கிக் கையில் பிடித்தபடி நின்றான். கொட்டைப்பாக்கு அளவில் நாலைந்து காய்கள் அதில் பச்சையாகத் தொங்கின. இலைகள் வெந்த கீரையைப்போலத் துவண்டிருந்தன. தன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த டொரத்தி குவளையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“பொழுதுக்கும் உங்க கோழிங்க வந்து கிளறினா செடி எப்படிக்கா நிக்கும்? எல்லாம் போச்சு. அவ வச்ச செடி.”

கடைசிச் சொல்லில் அவன் குரல் இறங்கிவிட்டது.

அவள் என்றது அவன் மனைவி ரமணியை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே இருந்தது ஒரு மூங்கில் வேலிதான். வெட்டிய மண்ணெண்ணெய் டின்னில் விதை போட்டு, நாற்று விரல் நீளம் வந்ததும் பாதியை வேலிக்கு மேலாக டொரத்தியிடம் நீட்டியவள் ரமணி. தண்டை ஆழப் புதைக்கவேண்டும், இலையில் படாமல் வேருக்கு மட்டும் தண்ணீர் ஊற்றவேண்டும், இலைக் கக்கத்தில் முளைக்கும் கொழுந்தை இரக்கம் பார்க்காமல் கிள்ளவேண்டும் என்றெல்லாம் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொடுப்பாள். செடி பூவெடுத்த சமயம், கார்த்திகை மழையில், பிரசவத்தில் தாயும் பிள்ளையுமாகப் போய்விட்டார்கள். அதன்பிறகு வேலாயுதம் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. எஞ்சினில் கரி அள்ளிப் போடும் வேலைக்குப் போவான், வருவான், கடையில் சாப்பிடுவான். தை அமாவாசைக்கு ரமணிக்குப் படையல் போடும்போது அவள் நட்ட செடியின் பழம் அவள் இலையில் இருக்கவேண்டும் என்று ஒருமுறை டொரத்தியிடம் சொல்லியிருந்தான். அவன் வாய்விட்டுக் கேட்ட ஆசை அது ஒன்றுதான்.

டொரத்தி அவன் கையிலிருந்த செடியைப் பார்த்தாள். வேரில் கோழி கிளறிய காயம் ஏதும் இல்லை. நுனிகள் கருகியிருந்தன. ஒட்டியிருந்த மண்ணில் சாம்பலும், கண்ணாடிபோல மின்னும் கரிக்கட்டிகளும் இருந்தன. அவன் காலடியில் ஒரு வாளி கிடந்தது. எஞ்சின் அடுப்பிலிருந்து வாரிய சாம்பல் அதன் அடியில் இன்னும் மிச்சமிருந்தது.

அவளுக்கு விளங்கிவிட்டது. ரமணி தினமும் அடுப்புச் சாம்பலில் ஒரு பிடி எடுத்துச் செடிக்குத் தூவுவாள். அது விறகுச் சாம்பல். அவள் போனபின் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. சாம்பலுக்கு அவன் வேறு எங்கே போவான்? நிலக்கரிச் சாம்பல் வேரைக் கருக்கிவிடும் என்று அறியாமல் தன் எஞ்சினிலிருந்து அள்ளி வந்திருக்கிறான். விடியுமுன்னே வந்து, சூடு ஆறியும் ஆறாமலும், குறை வைக்கக்கூடாதென்று வாளி வாளியாகக் கொட்டியிருக்கிறான். ஒரு பிடி விறகுச் சாம்பலை நாமே வேலிக்கு மேலாகக் கொடுத்திருக்கலாமே என்று டொரத்தி தன்னையே நொந்துகொண்டாள்.

“ஆமா தம்பி,” என்றாள். “என் கோழிதான். அடைக்க மறந்துட்டேன். மன்னிச்சுக்குங்க.”

அவன் செடியைத் தூக்கிப் போடவும் மனமில்லாமல், அதை ஏந்திக்கொண்டே உள்ளே போனான்.

பின்வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்த அவள் கணவர் கிரிகரி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி அவர். கணக்கில் பொய் நுழைந்தால் பொறுக்காத மனிதர்.

“கோழிக்குப் பதிலா நீயே பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டியாக்கும்? மழை ஆரம்பிச்சதிலேர்ந்து கூடைக்குள்ள கெடக்குதுங்க. அதுங்க எங்க போய்க் கிளறிச்சு?”

“அவரு கையாலயே போச்சுன்னு தெரிஞ்சா அந்த மனுசன் தாங்குவாராங்க?”

கிரிகரி துண்டால் முகத்தை நெடுநேரம் துடைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், அவராகவே கோழிக்கூடையைத் தூக்கிக்கொண்டு கிள்ளான் ரயில் ஏறினார். அங்கே பண்டமாரானில் டொரத்தியின் தங்கை இருந்தாள். கோழிகள் கண்ணெதிரே திரிந்தால் வேலாயுதத்துக்கு மனம் ஆறாது என்று இருவருக்கும் பேசாமலே தெரிந்திருந்தது. குஞ்சிலிருந்து டொரத்தி வளர்த்த கோழிகள் அவை. வெறுங்கூடையோடு அவர் திரும்பி வந்தபோது டொரத்தி அவருக்கு முகம் காட்டாமல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். பிறர் பழியைச் சுமப்பது புனிதர்களின் காரியம் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறாள். சொன்ன பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் பாவமென்று சொல்வதா, வேண்டாமா என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. முழந்தாளிட்டு ஜெபிக்கும்போதெல்லாம் அந்தக் கருகிய வேர்தான் கண்முன் வந்தது.

தை அமாவாசையன்று காலை, தன் செடிகளில் பழுத்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் காம்போடு கிள்ளி, முறத்தில் வைத்து வேலிக்கு மேலாக நீட்டினாள். விதைக்கென்று ஒரு பழத்தைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. விதையைப் பின்னால் வரும் காய்களில் எடுத்துக்கொள்ளலாம்.

“இதுவும் ரமணி குடுத்த நாத்துதான் தம்பி. என் தோட்டத்துல வளந்துச்சு, அவ்வளவுதான்.”

வேலாயுதம் முறத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். உச்சிப்பொழுதில் அவன் வீட்டுக்குள்ளிருந்து சாம்பிராணிப் புகை வந்தது. எவ்வளவு நேரமாகியும் அவன் சாப்பிட உட்கார்ந்ததாகப் பாத்திரம் பண்டம் உருளும் ஓசை மட்டும் கேட்கவில்லை.

சில நாள் கழித்து அவன் சுற்றிக்கொண்டு அவர்கள் வாசல் வழியாகவே வந்தான். குளித்து, வெளுத்த வேட்டி கட்டியிருந்தான். கையில் ஒரு வாளி.

“அன்னைக்குக் கோழிக்காகப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்கக்கா. நீங்க அதுங்களைக் குடுத்தனுப்பிட்டீங்கன்னு கிரிகரி அண்ணன் சொன்னாரு. எனக்குச் சங்கடமாப் போச்சு.” வாளியைச் சற்றே உயர்த்திக் காட்டினான். “உங்க செடிக்குக் கொண்டாந்தேன். எஞ்சின் சாம்பல். சாம்பல் போட்டாத்தான் நல்லாக் காய்க்கும்னு ரமணி சொல்லும்.”

டொரத்தியின் கண் தன்னையறியாமல் செடிகளின் பக்கம் போனது. இரண்டாம் பூவில் பிடித்த காய்கள் இப்போதுதான் வெளுக்கத் தொடங்கியிருந்தன. ரமணியின் நாற்றில் உலகத்தில் மிஞ்சியது இவ்வளவுதான்.

“வச்சுட்டுப் போங்க தம்பி. நான் போட்டுக்கிறேன்.”

“நீங்க எதுக்குக் குனியணும்? நான் போடுறேன்.”

அவள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். ஏன் என்று அவன் கேட்பான். அதற்கு அவளிடம் பதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அதற்குள் அவன் முதல் செடியின் முன்னால் முழங்காலிட்டுவிட்டான். சாம்பலை அள்ளும்போது, யாரும் கேட்காமலே பேசவும் ஆரம்பித்தான். வேலை முடிந்து வந்தால் கரிக்கையோடு செடியைத் தொடக்கூடாது என்று ரமணி அதட்டுவாளாம். கையை நீட்டச் சொல்லி, நகக்கண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் தோட்டத்துக்குள் விடுவாளாம். சொல்லும்போது அவன் முகம் லேசாக மலர்ந்தது. அவள் இறந்ததற்குப் பிறகு அவன் வாயிலிருந்து அவளைப்பற்றி இத்தனை பேச்சு வந்ததில்லை.

டொரத்தி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். காய்களோடு மண்ணில் சாய்ந்திருந்த தாழ்ந்த கிளைகளை, அவன் கை வேருக்கு எட்டும்படி, இரண்டு கையாலும் மெல்லத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.