துப்பட்டா தேடிய நேரம்

...வெந்த உருளைக்கிழங்கை ஆறவிடாமல் உரிப்பார் அம்புஜத்தின் கணவர், விரல் நுனியை ஊதிக்கொண்டே, கொஞ்சம் ஆறட்டுமே என்றால் கேட்கமாட்டார், போன கோடையில் அன்றும் அப்படித்தான், மூன்றாவது கிழங்கில் இருந்தார், அப்போது இரண்டு கைப்பேசிகளும் ஒன்றாக அலறின, முதலில் பிரெஞ்சில், பிறகு ஆங்கிலத்தில், சுழற்காற்று, உடனே கீழ்த்தளத்துக்குப் போங்கள், கண்ணாடிப் பக்கம் நிற்காதீர்கள் என்று. இன்றும் அதே அலறல். அம்புஜம் கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் அறையில் சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியிலுள்ள இந்தக் கட்டடத்துக்கு வந்து முப்பத்தோரு வருஷம், இதில் ஜன்னலில்லாத அறை இது ஒன்றுதான்... இப்போதெல்லாம் சுழற்காற்றுக்கு முந்தைய அந்தப் பச்சையை வானம் லேசாகக் காட்டினாலே இறங்கிவிடுகிறாள், சுடிதாரோடுதான் தூங்குகிறாள், கட்டிலடியில் ஷூ, தலைமாட்டில் டார்ச். நைட்டிகளை ஒரு பையில் கட்டிப் போட்டாயிற்று, யாருக்கும் கொடுக்கவும் மனசில்லை.

அன்று நைட்டியில் இருந்தாள், அவ்வளவுதான் விஷயம், வேறென்ன? மூலையிலிருக்கும் டெபனேர் கடையில் பால் வாங்கப் போவதென்றாலும் உடை மாற்றிக்கொண்டுதான் போவாள், கீழே மொத்தக் கட்டடமும் கூடியிருக்குமே, அங்கே போய் எப்படி நிற்பது... நீங்க போங்க, இதோ வந்துட்டேன் என்றாள். போனார். சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கிப் போனார், பத்திரமான இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார், பிறகு அவளைத் தேடித்தான் திரும்பி ஏறினார், அதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சுடிதார் உடனே கிடைத்தது. துப்பட்டாவும் கிடைத்தது, பச்சை இருந்தது, மஞ்சள் இருந்தது, அவள் போட்டிருந்தது நீலம்... பொருத்தமா பார்த்தாய் அம்புஜம், அந்த நேரத்தில்? படியிலிருந்து அவர் குரல் வந்தது, "வாயேன்டி, யாரும் உன்னைப் பொண்ணு பார்க்க வரலை." அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. பிறகு காது அடைத்தது. வாசல் படிக்கட்டை ஒட்டிய பெரிய கண்ணாடியை உடைத்துக்கொண்டு மேப்பிள் கிளை உள்ளே வந்தது. நீலத் துப்பட்டாவோடு வெளியே ஓடினாள், அதைத்தான் அவர் தலையில் அழுத்திப் பிடித்திருந்தாள், ஆம்புலன்ஸ் வரும்வரை.

ஆஸ்பத்திரியில் ரஞ்சனா கேட்டாள், அப்பா ஏன் மறுபடி மேலே ஏறினார் என்று. மகள் முகத்தைப் பார்த்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது, பாஸ்போர்ட் எடுக்க. டொரான்டோவிலிருந்து வந்தவர்கள், கோயில்காரர்கள், அவரோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள், எவ்வளவு படித்த மனுஷன், ஒரு பாஸ்போர்ட்டுக்காகவா... பாலங்களுக்குக் கணக்குப் போட்டவரை அசடாக்கி வழியனுப்பிவைத்தாள், கூடவே நின்று அழவும் அழுதாள். எது நிஜ அழுகை?

கைப்பேசி அதிர்கிறது. ரஞ்சனா. "கீழே போயிட்டியாம்மா? அப்பா மாதிரி அதை எடுக்கறேன் இதை எடுக்கறேன்னு மேலே ஏறி வைக்காதே." குரல் அறை முழுக்கக் கேட்கிறது. சரி என்கிறாள். வைத்துவிடுகிறாள். பக்கத்தில் மாடிவீட்டு யோசெப்பின், நைட்டிதான், மேலே கணவனின் பழைய ஜாக்கெட், கண்ணைச் சலவை மெஷினை விட்டு எடுக்காமல் சொல்கிறாள், "அண்ணை எங்களிட்டை வேற மாதிரியெல்லோ சொல்லிப்போட்டுப் போனவர்." அம்புஜம் அவள் பக்கம் திரும்புகிறாள். என்ன சொன்னார்? "மனிசி அலங்காரம் செய்யுது, கூட்டிக்கொண்டு வாறன் எண்டு. நாங்களும் சிரிச்சனாங்கள் அக்கா. ஒருத்தரும் மறிக்கேல்லை." ஜாக்கெட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "அண்டைக்கும் நான் இந்தக் கோலத்திலைதான் நிண்டனான், ஆர் பாத்தது?"

அப்படியானால் இவளுக்குத் தெரியும். சாவுவீட்டில் பாஸ்போர்ட் கதையைக் கேட்டுக்கொண்டே எல்லோருக்கும் தேநீர் கொடுத்தாளே, ஒரு வருஷமாக அக்கா அக்கா என்று... மன்னித்ததா அது, இரங்கியதா, அல்லது சிரித்ததற்கு அவளும் கூசிக்கொண்டிருந்தாளா? கேட்கத் துணிவில்லை. கைப்பேசியை எடுத்து ரஞ்சனாவின் பெயரை அழுத்துகிறாள், மணி போகிறது, முதல் வார்த்தை எதுவாக இருக்கவேண்டும், அப்பா என்று தொடங்குவதா, நான் என்று தொடங்குவதா... திறந்த கதவு வழியே படிக்கட்டு தெரிகிறது. உடைந்த கண்ணாடியை மாற்றிவிட்டார்கள், கைப்பிடிக்குப் புது வர்ணம் அடித்துவிட்டார்கள். இந்த அறையிலிருந்து அவள் வீட்டு வாசலுக்குப் பதினொரு படிகள்தான்.