சிம்னி மேல் நின்றவன்

விண்வெளியில் இருக்க வேண்டிய அசோகன், எர்ணாவூர் குடியிருப்பில் அடுக்களைச் சுவரோரம் லுங்கியோடு உட்கார்ந்து நெத்திலிக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சன்னல்களை அப்பா பக்தவச்சலம் சாத்தியிருந்தார். யாராவது கதவைத் தட்டினால் குளியலறைக்குள் போய்விட வேண்டும் என்று உத்தரவு.

பக்தவச்சலம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பொய் சொல்வதாக அவர் நினைத்ததே இல்லை. உண்மையைக் கொஞ்சம் உயரத்தில் தூக்கி வைப்பதாகத்தான் நினைத்தார். மகன் விமானப் படையில் சோதனை விமானி ஆனான். புதிதாகச் செய்த விமானம் விழுமா விழாதா என்று ஏறிப் பார்க்கிற வேலை. மனைவி அம்மு அழுவாளே என்று, "பிளேனுக்குப் பேரு வெக்கிற ஆபீசரு" என்று சொல்லிவைத்தார். ஒருமுறை வானத்தில் இன்ஜின் நின்றுபோக, அசோகன் குதிக்காமல் விமானத்தை ஓடுதளத்துக்கே கொண்டுவந்து சேர்த்தான். அப்பா சொன்ன கதையில், அவன் நடுவானிலேயே இறங்கித் தள்ளிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டான். விண்வெளிப் பயிற்சிக்கு ரஷ்யா போனதை மட்டும் அவர் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டுவதற்கு அதில் இடமில்லை.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது சிறுநீரகத்தில் கல் என்றார்கள். மிளகளவுதான். கூடப் பயிற்சி பெற்ற ரஷ்யாக்காரன் அந்த இருக்கையில் ஏறிப் போனான். அசோகன் விடியற்காலை ஆட்டோவில் வந்து இறங்கியபோது தெருமுனையில் அவன் முகம் போட்ட பேனர் ஆடிக்கொண்டிருந்தது. அவன் போகவில்லை என்ற செய்தி வந்த பேப்பர் பக்கத்தில், டீக்கடைக்காரர் அசந்த நேரம் பார்த்து, பக்தவச்சலம் பஜ்ஜி மடித்துக்கொண்டு வந்துவிட்டார். அம்முவுக்கோ அந்தக் கல்லுக்குக் கற்பூரம் ஏற்றலாம் போலிருந்தது.

"நைனா, சொல்லிடலாம்."

"சும்மா கெட. ஒரு கல்லுக்காவ என் புள்ளைய பாத்து ஊரு சிரிக்கணுமா? பத்து நாளு கயிச்சி எறங்கி வந்தன்னு சொல்லிக்கலாம்."

"பத்து நாளும் பாத்ரூம்லயா?"

அன்று இருட்டும் நேரத்தில், அசோகன் போய்த் தங்க வேண்டிய விண்வெளி நிலையம் சென்னைக்கு மேலே கடக்கும் என்று சொல்லியிருந்தார்கள். மொட்டைமாடி நிறைந்துவிட்டது. பக்தவச்சலத்துக்கு வானத்தில் எது எங்கே என்று தெரியாது. கை நீட்டாமல் இருக்கவும் தெரியாது. எண்ணூர் மின்நிலையச் சிம்னியின் உச்சியில் எரிந்த சிவப்பு விளக்கைக் காட்டினார்.

"அதோ, நம்ம அசோகன்."

எதிர்வீட்டு ரஹீமுன்னிசா கண்ணைச் சுருக்கினாள். "இன்னா அண்ணே, நவுரவே மாட்டேங்குது?"

"நீங்க பாக்கணும்னு நிறுத்திகினு கீறான்மா."

"மாமு, அது தெனிக்கும் அங்கதான கீது?" என்றான் மேல்மாடி லியோனார்ட்.

"ரிகர்சல் பாத்துகினு இருந்தான்."

சிரிப்பு கிளம்பியது. அது அடங்குவதற்குள் படியேறி வந்து நின்றான் அசோகன். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். பிறகு சிம்னியைப் பார்த்தார்கள். பக்தவச்சலத்துக்கு நீட்டிய கையை இறக்கத் தோன்றவில்லை.

"நான் போவல. கிட்னில கல்லு. வேணாம்னு இறக்கி வுட்டுட்டாங்க."

யாரும் சிரிக்கவில்லை. ரஹீமுன்னிசாதான் பக்கத்தில் வந்தாள். "கல்லா? வாயத்தண்டு சாறு குடிச்சியாடா கண்ணு?"

"ரஷ்யால வாயத்தண்டுக்கு எங்க போவேன் அத்தே." அவன் துறைமுகப் பக்கம் நிமிர்ந்தான். "அதோ. நெசமான வண்டி."

வெள்ளைப் புள்ளி ஒன்று, சத்தமில்லாமல், கண் சிமிட்டாமல் ஏறி வந்தது.

"யாருடா போறது?" என்றாள் ரஹீமுன்னிசா.

"என் தோஸ்து. என் சீட்ல."

லியோனார்ட் விசிலடித்தான். ரஹீமுன்னிசா முந்தானையை எடுத்து வீசினாள். பக்தவச்சலம் மகன் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் விரல் சிம்னியை விட்டு மெல்ல நகர்ந்து, துணிக்கொடிகளுக்கு மேலே அந்தப் புள்ளியைத் தேடிப் பிடித்தது.

"மெதுவாத்தான் போறான். நீன்னா இந்நேரம் தாண்டிருப்ப."

புள்ளி கடலுக்கு மேலே போய் மங்கி அணைந்தது. விரல் மட்டும் அங்கேயே நின்றது. அசோகன் அப்பாவின் முழங்கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டான்.