ஏழாயிரம் சுற்று

ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, ஏழாயிரம். சந்திரகாந்தி தையல் மெசினின் சக்கரத்திலிருந்து கையை எடுத்தாள். நூல் சுற்றும் முனையில் பொருத்தியிருந்த விரல் நீளச் சட்டத்தில், தலைமுடி போன்ற செம்புக் கம்பி திரண்டிருந்தது. எலக்ட்ரிக் கிட்டாருக்கு ஒரு மாதத்தில் இது மூன்றாவது சுருள். முதல் இரண்டையும் அவள் கணவன் புவனேந்திரன் பிரித்துப் போட்டுவிட்டான்.

கிட்டாரை அவனே செய்தான். உடல் பலாப் பலகை. கழுத்து பதுளையில் வாங்கிய உடைசல் கிட்டாருடையது. "எஃகுத் தந்தி அதிர்ந்தா காந்தம் கலங்கும். அந்தக் கலக்கம் சுருள்ல கரண்டாகும். ஸ்பீக்கர் பெட்டி அத சத்தமாக்கும், அவ்வளவுதான்" என்று ஒருமுறை விளக்கினான். சத்தம் காதுக்கு வந்த பிறகு என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

பத்தொன்பது வருஷமாக அவனுக்குத் தேயிலை பெக்டரியில், ஓயாமல் இரையும் கொழுந்து அரைக்கும் ரோலருக்குப் பக்கத்தில் வேலை. குக்கர் விசில் அவனுக்குக் கேட்காமல் போனது அவளுக்கு எப்போதோ தெரியும். கேட்டால், "யோசனையில இருந்தேன்" என்பான். போன மாதம் ஹாலிஎலயில் ஒரு கல்யாணத்தில் முதல் தந்தியை ஸ்ருதி விலகியே வாசித்தான். பேண்டை நடத்தும் ஜீவன், "அண்ணே, கிட்டார சரி பண்ணிட்டு வாங்க. இல்லாட்டி வேற ஆளத்தான் பாக்கணும்" என்றான். கிட்டாரில் கோளாறு என்று அவன் சொன்னது மரியாதைக்கு. புவனேந்திரன் அதையே பிடித்துக்கொண்டான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவனுக்கு ஆடத் தெரியும், அதுதான் கொடுமை. வாசிப்பும் போய்விட்டால் அவனுக்கு மிச்சம் பெக்டரியும் தோட்டத்து லய வீடும்தான்.

இப்போது புதிய சுருளைக் கிட்டாரில் ஈயம் வைத்துப் பற்றவைத்தான். தடித்த தந்திகளின் ஒலி அவர்கள் குடியிருந்த ஒற்றையறைக் காம்பராவை நிறைத்தது. பிறகு மெல்லிய முதல் தந்தியை, உடலை ஒட்டிய கடைசிக் கட்டையில் அழுத்தி மீட்டினான். சத்தம் கூர்மையாக, சுத்தமாக எழுந்தது. அந்தத் தந்தியை இவ்வளவு அழகாக அவள் கேட்டதேயில்லை.

அவன் மறுபடி மீட்டினான். சத்தத்தைக் கூட்டினான். முகம் செத்துப்போனது.

"இதுவும் ஊமைதான். ஒனக்குக் கேக்குதா?"

முதல் தடவை அவள் "கேக்குதுங்க" என்றபோது, ஆறுதலுக்குச் சொல்லாதே என்று கத்தினான். இரண்டாம் தடவை சொன்னபோது சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். இன்னொரு முறை அதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

"இல்லங்க. எனக்கும் கேக்கல."

அவன் சிரித்துவிட்டான். எத்தனை நாளைக்குப் பிறகு! "நான் சொன்னேன்ல? சுருள்லதான் கொறை. இன்னொன்னு சுத்துவோம், சந்திரா."

பாவி, என்ன சொல்லிவிட்டேன் என்று நினைத்தாள்.

சுருளைக் கழற்ற அவன் குனிந்தபோது சட்டைக் கை முதல் தந்தியில் உரசியது. அது வீறிட்டது. பக்கத்துக் காம்பரா ரெங்கம்மா சுவரைத் தட்டி, "அந்தப் பொட்டிய நிறுத்துங்கப்பா, புள்ள தூங்குது!" என்றாள். அவன் நிமிரவில்லை, திருப்புளியைத் தேடிக்கொண்டிருந்தான். சந்திரகாந்தி உள்ளங்கையைத் தந்தியின் மேல் வைத்து அமுக்கினாள். அது கைக்குள் துடித்து அடங்கியது.