திருநீற்றுப் புள்ளிகள்

குணலட்சுமி ஒரு கதையை எடுத்தாளென்றால் ஆளாளாக நடித்துக் காட்டாமல் விடமாட்டாள். செத்தவீட்டுக்குப் போனாலும் மூலையில் நாலு பெண்கள் அவளைச் சுற்றியிருந்து வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார்கள். அவள் சொன்னவற்றில் உடுவில் ஊர் முழுக்கக் கால் முளைத்து ஓடியது, மமோகிராம் எடுக்கப் போன கதைதான்.

இடது மார்பில் ஒரே குத்துவலி. யாழ்ப்பாண நகரத்தில் ஒரு தனியார் நிலையத்துக்குப் போகச் சொன்னார்கள். வெளிக்கிடும் முன்பு, வழக்கம்போலச் சந்நிதி முருகனின் திருநீற்றை அள்ளி வலிக்கிற இடமெல்லாம் அப்பிக்கொண்டாள். அங்கே மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து உயிர் போக நெரித்துப் படம் எடுத்தார்கள். படத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். மார்புப் படம் பார்ப்பதற்கென்றே படித்த டொக்டர் தர்சிகா இறுகிய முகத்தோடு வந்தார்.

"அம்மா, நெஞ்சிலை ஏதும் பூசினனீங்களோ?"

"சந்நிதியான்ரை திருநீறு, டொக்டர் பிள்ளை."

ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார்கள். மருந்துக்கும் ஒரு புள்ளி இல்லை. "முருகன் என்னையே பயப்படுத்திப்போட்டார்" என்று டொக்டர் வாய்விட்டுச் சிரித்தாராம். இதைச் சொல்லும்போது குணலட்சுமி டொக்டராகவும் நிற்பாள், மெஷினாகவும் நிற்பாள். மெஷினுக்குத்தான் சிரிப்பு அதிகம்.

எல்லாரிலும் ஆகக்கூடச் சிரித்தவள் உதயகலா. குணலட்சுமியின் கணவர் சீவரத்தினத்தின் தங்கை. இரண்டு வளவு தள்ளித்தான் வீடு. புருஷன் மாரடைப்பில் போன பிறகு, வவுனியாவில் கம்பஸ் படிக்கிற மகள் வித்தியாவை விட்டால் அவளுக்கு வேறு ஆளில்லை. அவளையும் படம் எடுக்கச் சொல்லி நச்சரித்து அனுப்பியது குணலட்சுமிதான். நல்லதைத்தான் செய்தாள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்று தோட்டத்தில் வெங்காய வேலை இருந்ததால் கூடப் போகவில்லை. உதயகலாவும் போகும்போது திருநீறு பூசிக்கொண்டுதான் போனாள்.

சில நாள் கழித்து நிலையத்திலிருந்து போன் வந்தது. இருவரும் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்கள். "படத்திலை வெள்ளைப் புள்ளியள் தெரியுதாம், திரும்ப வரட்டாம்" என்று உதயகலா வெளிறிப்போய்ச் சொன்னாள். குணலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீன் கையோடு போனைப் பறித்தாள்.

"தங்கச்சி, அது திருநீறு! எனக்கும் உப்பிடித்தான் வந்தது. உங்கடை டொக்டரைக் கேட்டுப்பாருங்கோ, தெரியும்."

"டொக்டர் கட்டாயம் வரச் சொன்னவ, அம்மா" என்றது போனில் பேசிய பெண்ணின் குரல்.

"வருவம், வருவம்" என்று போனை வைத்தாள். பிறகு உதயகலாவைப் பார்த்து, "நீ ஒண்டுக்கும் யோசியாதை கலா. சந்நிதியான் இன்னும் ஆக்களோடை விளையாடுறார்" என்றாள். உதயகலா குனிந்து மீனைக் கழுவினாள். மறுபடியும் போன் வந்ததாம். போகிறேன் என்று சொன்னாளாம். ஆனால் போகவில்லை. குணலட்சுமியும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, அது திருநீறுதானே?

ஒரு வருஷத்துக்கு மேல் போனது. ஒரு கலியாணவீட்டுக்கு வெளிக்கிடும்போது, கை பின்னுக்கு வரவில்லை, சட்டைக் கொளுக்கியைப் போட்டுவிடுங்கள் என்று உதயகலா கேட்டாள். போடப்போன குணலட்சுமியின் கண்ணில், எதிர்க் கண்ணாடி வழியாக அது பட்டது. வலது மார்பின் தோல் ஒரு பக்கம் உள்ளே இழுபட்டு, காம்பு அமிழ்ந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தாள். கல்லு.

"எவ்வளவு நாளாடி இது?"

"கொஞ்ச நாளா."

கலியாணவீட்டுக்கு இருவரும் போகவில்லை. அடுத்த நாளே நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸில் குணலட்சுமி உதயகலாவின் கையைப் பிடித்தபடி இருந்தாள். நான்தானே போனைப் பறித்தேன், நான்தானே சிரித்தேன் என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது. இந்த வாயை வெட்டி எறிந்தாலும் பாவம் தீருமா என்று நினைத்தாள். இது பெரிதாக ஒன்றுமில்லை என்று டொக்டர் சொல்லவேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். இல்லையென்றால் கலாவைக் கொன்றவள் தான்தான்.

டொக்டர் தர்சிகா உதயகலாவைக் கட்டிலில் படுக்கவைத்து, குளிர்ந்த பசையைப் பூசி, ஸ்கான் கருவியால் மெல்ல மெல்லத் தடவினார். முன்பு குணலட்சுமியைப் பார்த்தபோது ஊர், தோட்டம், பிள்ளைகள் என்று எல்லாம் கேட்டுக் கதைத்தவர், இன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. கருவி கைக்கு அடியில் கமக்கட்டுக்குப் போனது, அங்கேயே நின்றது, திரும்ப வந்தது. டொக்டர்மார் கதைக்காமல் விடுவதைப் போலப் பயங்கரம் வேறில்லை. உதயகலா முகட்டில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தாள். பிறகு அந்த இடத்தை விறைக்கப்பண்ணி, தடித்த ஊசியால் கட்டியிலிருந்து சதை எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஊசி 'டக்' என்றது, குணலட்சுமிதான் துள்ளினாள்.

எல்லாம் முடிந்து உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்ததும் டொக்டர் கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டு இருந்தார்.

"முடிவு வரட்டும். ஆனா நான் உங்களுக்குப் பொய் சொல்லமாட்டன் அம்மா. இது புற்றுநோய் மாதிரித்தான் இருக்கு. கமக்கட்டுக்கும் போயிட்டுது. மற்ற இடங்களையும் பாக்கவேணும்."

"அண்டைக்கே வந்திருந்தால்?" குணலட்சுமியால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

டொக்டர் பழைய படத்தை எடுத்துப் பார்த்தார். "அண்டைக்கு வெறும் புள்ளியள்தான். கட்டி இல்லை. வந்திருந்தா, அநேகமா வெட்டி எடுத்துச் சுகப்படுத்தியிருக்கலாம்."

குணலட்சுமி குலுங்கி அழுதாள். "நாங்கள் திருநீறு எண்டெல்லோ நினைச்சம், டொக்டர் பிள்ளை. எனக்கு வந்ததுபோலை எண்டு நான்தான் சொன்னனான்..."

"திருநீறோ?" டொக்டர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "உங்கடை படத்துக்குப் பிறகு நாங்கள் ஒருத்தரையும் துடைக்காமல் எடுக்கிறேல்லை அம்மா. இவவையும் துடைச்சுப்போட்டுத்தான் எடுத்தவை. ஏன் துடைக்கிறம் எண்டும் சொல்லித்தான் துடைக்கிறது." குரல் தணிந்தது. "அண்டைக்கு நான் அப்பிடிச் சிரிச்சிருக்கக்கூடாது."

உதயகலா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வாங்கில் வந்து இருந்தார்கள். குணலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"கலா, துடைச்சோ எடுத்தவை?"

"ஓம் மச்சாள்."

"அப்ப, போன் வந்த நேரம் அது திருநீறு இல்லை எண்டு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"பிறகு ஏனடி வாய் திறக்கேல்லை?"

"பயம்." உதயகலா சேலைக் கரையை விரலில் சுற்றினாள். "நீங்கள் போனைப் பறிச்சு அடிச்சுச் சொன்னனீங்கள். கேக்கச் சுகமா இருந்தது. நாளைக்குப் போவம், நாளைக்குப் போவம் எண்டு இருந்தனான். பிறகு கட்டி தட்டுப்பட்டுது. ஏன் இவ்வளவு நாளும் வரேல்லை எண்டு பேசுவினம் எண்டு அதுக்கும் பயம்."

குணலட்சுமிக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. நான் இல்லை, நான் இல்லை என்று உள்ளே ஒரு குரல் கத்தியது. அடுத்த நொடி தன்னை நினைக்கவே அருவருத்தது. பக்கத்தில் இருப்பவள் சாகப்போகிறாள், தனக்கு இங்கே ஆறுதல் கேட்கிறது.

"வெள்ளிக்கிழமை வித்தியா வாறாள்" என்றாள் உதயகலா. "ஏன் போகேல்லை எண்டு கேப்பாள். நீங்கள் திருநீறு எண்டு சொன்னனீங்கள், அதை நம்பித்தான் இருந்தனான் எண்டு சொல்லப்போறன்."

குணலட்சுமி திரும்பிப் பார்த்தாள்.

"அப்பாவும் இல்லாத பிள்ளை, மச்சாள். அம்மா தெரிஞ்சுகொண்டும் பிள்ளைக்காக எண்டாலும் ஒருக்காப் போகேல்லை எண்டு அவள் நினைக்கக்கூடாது. அதை அவள் தாங்கமாட்டாள். உங்களைக் கோவிச்சால் கோவிக்கட்டும். நீங்கள் தாங்குவியள்."

தாங்குவேனா என்று குணலட்சுமியை ஒருவரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை உதயகலா வீட்டுக்கு இடியப்பமும் சொதியும் கொண்டு போனபோது, வித்தியா வாசலிலேயே நின்றாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"மாமி, நிலையத்தாலை போன் எடுத்த நேரம், போகத் தேவையில்லை எண்டு நீங்களோ அம்மாவுக்குச் சொன்னனீங்கள்?"

குணலட்சுமி அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். உள்ளே கட்டிலில் உதயகலா விழித்தபடி படுத்திருந்தாள். துடைத்துத்தான் எடுத்தார்கள் என்ற சொல் குணலட்சுமியின் நாக்கு நுனிவரை வந்தது. கதை சொல்லியே பழகிய வாய்.

"ஓம் பிள்ளை" என்றாள். "நான்தான் சொன்னனான்."

"அது திருநீறு எண்டு சிரிச்சனீங்களாம்."

"ஓம். சிரிச்சனான்."

வித்தியா இடியப்பச் சட்டியை வாங்கவில்லை. "இனி எங்கடை வளவுக்குள்ளை வராதேங்கோ, மாமி. அம்மா செத்தாலும் வராதேங்கோ."

கட்டிலில் கிடந்தவளுக்கு அது நன்றாகக் கேட்டது. குணலட்சுமி ஒரு கணம், அவள் வாய் திறப்பாளோ என்று பார்த்துக்கொண்டு நின்றாள். உதயகலா மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.