படிவத்தில் இல்லாத சூடு

கச்சிமுகம்மது காக்காவின் கைப்புண் ஊசி இல்லாமலே ஆறியது. என் ஆராய்ச்சியில் சேர்ந்த நாற்பத்தொரு பேரில் அப்படி ஆறியது அவருக்கு மட்டும்தான். அடுத்த வியாழக்கிழமை கொழும்பில் நடக்கவிருந்த மாநாட்டில் எனக்குக் கிடைத்த இருபது நிமிடத்தில் பாதியை அந்த ஒரு கைக்கே ஒதுக்கியிருந்தேன்.

மணல் ஈ கடித்து வருகிற நோய் இது. லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி ஈயின் வாயிலிருந்து தோலுக்குள் இறங்கும். நோவிராது. சிறு பருவாகக் கிளம்பி, மாதக்கணக்கில் பரந்து புண்ணாகும். என்னிடம் வந்தவர்களில் அதிகம் பேர் உள்ளூரில் வீடும் தூரத்தில் வயலுமாக இருப்பவர்கள்; வேளாண்மைக் காலத்தில் வயல் வாடிக் குடிசையிலேயே படுப்பவர்கள். ஆனால் என்னைப் பிடித்து வைத்தது தோலுக்கு உள்ளே நடப்பது. உடம்பின் காவல் செல் ஒட்டுண்ணியை விழுங்கிவிடும். விழுங்கப்பட்ட ஒட்டுண்ணியோ அதற்குள்ளேயே உயிரோடு குடித்தனம் நடத்தும். வேறொரு செல் வந்து இன்டர்ஃபெரோன் என்ற பொருளைச் சுரந்து உசுப்பினால்தான் காவல் செல் தன் வயிற்றில் இருப்பதைக் கொல்லத் தொடங்கும். காக்காவின் இரத்தத்தில் அந்த இன்டர்ஃபெரோன் மற்றவர்களைவிட மூன்று மடங்கு இருந்தது. நெல் வெட்டு முடியட்டும், பிறகு ஊசி போடுவோம் என்று தவணை கேட்டுப் போனவர் திரும்பி வந்தபோது புண் காய்ந்திருந்தது. உடம்பு தானாகவே வென்றது என்று எழுதினேன். எழுதும்போது ஒரு பெருமை இருந்தது. அதில் அவருடைய உடம்புக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

தழும்பைக் கடைசியாக ஒருமுறை படமெடுக்க மருதமுனையில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி சுபைறா ராத்தா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் படமெடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இது ஊசி போடாமல் தானாக ஆறியது, அதைத்தான் கொழும்பில் சொல்லப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவருக்குச் சிரிப்பு வந்தது.

"தானா ஆறினயா? என்ட கை ரெண்டும் வெந்து போன கதை ஆருக்குத் தெரியும்? தாச்சியில உப்பு வறுத்து, சீலையில முடிஞ்சி, ஒவ்வொரு நாளும் ஒத்தடம் குடுத்த நான், டொக்டர் புள்ள. நெல்லு மூட்டை தூக்குற மனிசன், இந்தச் சின்ன உப்பு மூட்டைக்குக் கத்துவாரு."

"ஒனக்கு வெச்சிப் பாத்தாத் தெரியும்," என்றார் காக்கா.

ஒத்தடம் எப்போது தொடங்கியது என்று கேட்டேன். நோன்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை என்றார் ராத்தா. பிறகு நோன்பு திறந்த கையோடு அடுப்பில் தாச்சி ஏறியிருக்கிறது. நான் காக்காவின் இரத்தம் எடுத்தது பத்தாம் நோன்பு அன்று.

இந்த ஒட்டுண்ணிக்குச் சூடு ஆகாது. ஐம்பது பாகைச் சூடு கொடுத்தே இந்தப் புண்ணை ஆற்றுகிற கருவிகள் சில நாடுகளில் உண்டு. அவற்றைப் பற்றி நானே வாசித்திருக்கிறேன். அப்படியானால் உடம்பு முதலில் வென்றதா, சூட்டில் செத்த ஒட்டுண்ணியைக் கண்ட பிறகு இரத்தத்தில் இன்டர்ஃபெரோன் ஏறியதா? என்னால் சொல்ல முடியாது.

காக்கா என்னிடம் பொய் சொல்லவில்லை. களிம்பு பூசினீர்களா, எண்ணெய் போட்டீர்களா, பச்சிலை வைத்துக் கட்டினீர்களா, கார் பெற்றரித் தண்ணீர் விட்டீர்களா என்று என் கேள்விப் படிவத்தில் இருந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றார். அது உண்மை. சூடு வைத்தீர்களா என்று படிவம் கேட்கவில்லை. வெளிநாட்டுப் படிவமொன்றைப் பார்த்து, நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றி எழுதியவள் நானேதான். பெற்றரித் தண்ணீரைச் சேர்க்கத் தெரிந்த எனக்கு ஒத்தடம் நினைவுக்கு வரவில்லை. மகன் பிறந்து நாற்பது நாளும் என் இடுப்புக்கு உம்மா உப்பு ஒத்தடம் கொடுத்திருக்கிறார். கால் சுளுக்கினாலும் கழுத்துப் பிடித்தாலும் எங்கள் வீட்டில் முதலில் கை போவது உப்புப் போத்தலுக்குத்தான். என் உடம்புக்கு அவ்வளவு பழகிய ஒன்று, வெள்ளைக் கோட்டைப் போட்டதும் என் கண்ணில் படாமல் போயிருக்கிறது.

இந்த இருவருக்கும் தாங்கள் சொன்னது என்னவென்று தெரியாது. நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து போயிருந்தால் வியாழக்கிழமை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த எண்ணம் வந்தது. வந்ததும் அதை நன்றாகப் பார்த்தேன். பயத்தால் வந்ததல்ல, மூன்று வருட உழைப்பு கேட்டது. ஆனால் அந்த மூன்று வருடமும் நான் தேடியது ஒரு புண் எப்படி ஆறுகிறது என்பதை. அந்தப் பதில் இப்போது எனக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறது.

என் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் பேராசிரியர் யசோதினிக்கு அங்கிருந்தே அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

 "அந்தக் கேஸை எடுத்துட்டா உம்மட பேச்சில என்ன மிச்சம், ஹுஸ்னியா?" என்றார்.

"நாப்பது பேர் மிச்சம், மெடம். அவங்கள்ட்டயும் சூட்டைப் பத்திக் கேக்கணும். வியாழக்கிழமை, தானா ஆறின எண்டு சொல்லமாட்டன். என்னத்தைக் கேக்க மறந்த எண்டு சொல்லுவன்."

மறுத்துப் பேசுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"எத்தின பாகை சூடு?"

எனக்கே கேட்கத் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி. இரத்தக் குழாய்கள் வைக்கும் குளிர்ப்பெட்டியில் கம்பி முனை வைத்த வெப்பமானி ஒன்று இருந்தது. அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். உப்புப் பொட்டணத்துக்குப் பக்கத்தில் இதைப் பிடிப்பேன், நீங்கள் வழமையாகச் செய்வதைச் செய்யுங்கள், எனக்காக ஒன்றும் மாற்ற வேண்டாம் என்று ராத்தாவிடம் சொன்னேன். இதில் தன் பெயர் வருமா என்று கேட்டார். நோயாளிகளின் பெயர்தான் போடக்கூடாது, வைத்தியம் பார்த்தவரின் பெயரை அவர் சம்மதித்தால் போடலாம் என்றேன். முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்பை மூட்டினார்.

உப்பு வெடித்தது. சீலையில் கொட்டி முடிந்தார். உடனே வைக்கவில்லை; புறங்கையில் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "இப்ப," என்றார். சீலையில் முனையை அழுத்தினேன். நாற்பத்தொன்பது.

மறுபடியும் வறுக்கச் சொன்னேன். ஐம்பத்தொன்று. மூன்றாவது தடவை ஐம்பது.

நேரத்தையும் எண்ணையும் குறித்துக்கொண்டேன். வாசலில் நின்ற காக்கா, ஆறிப்போன கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். நான்காவது தடவைக்கு உப்பு மாற்ற வேண்டும் என்று ராத்தா போத்தலைத் தேடினார்.