சேற்று மர மேசை

குமாரவேல் மாஸ்டர் எந்தக் கறுப்பையும் லேசில் நம்பமாட்டார். வேலம்பாளையத்துச் சாயப்பட்டறையில் இருபத்தாறு வருஷம் கறுப்பு ஏற்றியவர். முதல் துவைப்பில் எந்தக் கறுப்பு காலை வாரும் என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் முன்னால் கரிக்கறுப்பாய் ஒரு மேசையை வைத்து, இது சாயமில்லை, மரத்தின் சொந்த நிறம் என்றால் எப்படி?

கொண்டுவந்தவன் இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்த தச்சன். கேரளத்தில் வயலுக்கு அடியில், சேற்றில் ஆயிரக்கணக்கான வருஷம் புதைந்துகிடந்த மரமாம். பட்டறைக்கும் பனியன் கம்பெனிக்கும் முதலாளியான சுப்பாத்தாள், 2005இல் கட்டிய புது ஆபீசுக்கு இப்படி இருபது மேசை கேட்டிருந்தார். மாதிரிக்கு ஒன்று வந்திருந்தது.

"நெசமான்னு பாத்துச் சொல்லிப்போடுங்க மாஸ்டர். நீங்க சரின்னா ஆர்டர் அவருக்குத்தானுங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார் சுப்பாத்தாள்.

இந்த ஆர்டரை நம்பித்தான் இசக்கிமுத்து இருந்த வேலையை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியிருந்தான். அது மாஸ்டருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் சந்தேகம் கூடியது. தேவை உள்ளவன் எதையும் சாயத்தில் முக்கி எடுப்பான் என்பது அவர் எண்ணம்.

வெள்ளைப் பனியன் துண்டை நனைத்து மேசையில் அழுத்தித் தேய்த்தார். துணிக்கு ரப்பிங் டெஸ்ட் பார்க்கிற அதே கை. துண்டு வெள்ளையாகவே வந்தது. சோப்புத் தண்ணீர் விட்டார், வெந்நீர் விட்டார். ஒரு சொட்டு நிறம் இறங்கவில்லை. வேறொருவராக இருந்தால் நம்பியிருப்பார். இவருக்கோ, இத்தனை கெட்டிச் சாயத்தை இந்தப் பயல் எங்கே வாங்கினான் என்று பொறாமையே வந்துவிட்டது.

கடைசியில், துணியில் துருக்கறை எடுக்கிற ஆக்ஸாலிக் அமிலத்தைக் கரைத்து ஓரத்தில் விட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் தேமல் மாதிரி வெளுத்தது.

"ஏனுங்க தம்பி, இதென்னங்க?" திருடனைப் பிடித்தாலும் மரியாதையோடுதான் பிடிப்பார்கள் எங்கள் ஊரில். "இரும்பு போட்டுக் கறுப்பு ஏத்தியிருக்கறீங்க."

"இரும்புதான் அண்ணாச்சி. ஆனா நான் போடல. சேத்துத் தண்ணியில உள்ள இரும்புல்லா மரத்துல ஊறியிருக்கு."

"தண்ணி மேல பழி போடறது எல்லாருஞ் செய்யறதுதானுங்க."

சொன்னவர் யார்? போர்த் தண்ணீரில் இரும்பு இருந்ததால்தான் நிறம் மங்கிவிட்டது என்று போன மாதம்கூட சுப்பாத்தாளிடம் சொல்லித் தப்பித்தவர்தான்.

இசக்கிமுத்து மேசையைக் கவிழ்த்தான். பையிலிருந்து ரம்பத்தை எடுத்து, பார்த்துப் பார்த்து இழைத்த மேசைக்காலில் விரல் தடிமனுக்கு ஒரு துண்டை அறுத்து, அதை மாஸ்டர் கையில் வைத்தான். நடுமரம் வரைக்கும் ஒரே கறுப்பு.

மாஸ்டர் அறுத்த முகத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். தடித்த துணியின் தையல் மடிப்புக்குள் சாயம் ஏற்றவே நாய் படாத பாடு படுகிறவர் அவர். நாலங்குல மரத்தின் நெஞ்சு வரை ஏற்ற எந்தக் கொம்பனாலும் முடியாது. அவன் சொன்னது சத்தியம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்களே பாருங்கம்மா" என்றான் இசக்கிமுத்து.

சுப்பாத்தாள் துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "எனக்கென்னங்க தெரியும்? மாஸ்டர் சொல்றதுதான். என்னங்க மாஸ்டர்?"

சுற்றிலும் பட்டறை ஆட்கள் நின்றார்கள். நிறத்தைப் பற்றிச் சொன்ன சொல்லை அவர் இதுவரை திரும்ப வாங்கியதில்லை.

"பிரஷர்ல வேக வெச்சா உள்ள வரைக்கும் ஏறுமுங்க. சாயந்தானுங்க."

சுப்பாத்தாள் எழுந்து போய்விட்டார். ஆர்டரும் போயிற்று.

இசக்கிமுத்து சண்டைக்கு வருவான் என்று மாஸ்டர் காத்திருந்தார். வந்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் ரம்பத்தைத் துடைத்துப் பையில் வைத்தான். மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பக்கம் ஒரு கை குடுங்க அண்ணாச்சி, டெம்போவுல ஏத்தணும்" என்றான்.

மாஸ்டர் பிடித்தார். வாசலைத் தாண்டியதும் அவன் மெதுவாகக் கேட்டான்: "உங்களுக்குத் தெரிஞ்சுட்டுல்லா?"

மாஸ்டர் டெம்போ வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டே சுமந்தார்.