நான்கு வினாடி

இறந்து பதினொரு நாளான பிழைதிருத்துநரின் மேசைக்கு அவருடைய அண்ணன் வந்திருந்தார். கையில் ஒரு துண்டுச் சீட்டு; தம்பி மனைவி எழுதிக் கொடுத்த கடவுச்சொல். மேசையில் பெரிய திரை கறுத்துக் கிடந்தது. அதன் காலடியில் மடிக்கணினியைத் திரையோடு இணைக்கும் டாக் என்கிற கறுப்புப் பெட்டி, அதில் சொருகியபடி மூடிய மடிக்கணினி. அதைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் மேலாளரின் சுற்றறிக்கை. விரித்து வைத்த மடிக்கணினிகள் அலுவலகத்தைச் சந்தைக்கடை ஆக்குகின்றனவாம். அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயரே சுற்றறிக்கைதான். தும்மினால்கூட மூன்று நகல் வரும்.

"உங்க தம்பி இந்த ஆபீசோட தூண் சார்," என்றார் சுற்றறிக்கை. அந்தத் தூணை மூன்று முறை பிடுங்கி, கடைசியில் கழிவறைக் கதவை ஒட்டி நட்டவரும் அவரே. "சாயங்காலம் மெஷினச் சுத்தமா அழிச்சு வேற ஆளுக்குக் குடுத்தாகணும். ரூல். பத்து நிமிஷம் எடுத்துக்கோங்க."

"ஒரு லெட்டர மட்டும் பாத்தா போதும். எனக்கு எழுதினானாம். நாளைக்கு பிரிண்ட் எடுத்துட்டு வரேன்னு வீட்ல போன் பண்ணிச் சொல்லியிருக்கான்."

போன் பண்ணிய அன்று மாலையே, வீட்டுக்குப் போகும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த தம்பி எழுந்திருக்கவில்லை.

அண்ணனும் தம்பியும் பேசி ஒன்பது வருடம். எதற்காக என்பது இருவருக்குமே தேய்ந்துபோய், பேசாமலிருக்கும் பழக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது. பக்கத்து மேசை என்பதால் அந்தக் கடிதத்தைப் பற்றி எனக்குத் தெரியும். சொந்த விஷயம் எதையும் கணினியில் சேமிக்கக் கூடாதென்று ஒரு சுற்றறிக்கை உண்டு. எனவே அவர் சேமிக்காமலே, பக்கத்தைத் திறந்தபடி விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். மறுநாள் வந்து இரண்டு வரி சேர்ப்பார், மூன்று வரி நீக்குவார். மூன்று வாரமாக இப்படி. திரைதான் தூங்கும். மூடிக்குள் இயந்திரம் விழித்திருக்கும். மவுஸை ஒரு விரலால் அசைத்தால் போதும், திரை விழித்து அந்தப் பக்கம் அப்படியே இருக்கும்.

இதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"இருங்க, நான் பேசிட்டிருக்கேன்ல," என்றார் மேலாளர்.

மூடிக்கொண்டேன். இருபது வருட உத்தியோகத்தில் நான் பிசகில்லாமல் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

"ஆஃப் ஆயிருக்கு. ஆன் பண்ண மூடியத் திறக்கவே வேணாம், டாக்லயே பட்டன் இருக்கு," என்று கட்டைவிரலை வைத்தார். தொட்டுவிட்டு எடுத்திருந்தால் பாதகமில்லை. முத்திரை குத்திப் பழகிய விரல், அழுத்திப் பிடித்தது. நான்கு வினாடிக்கு மேல் பிடித்தால் எல்லாம் அணைந்துவிடும் என்று அந்தப் பெட்டியின் கையேட்டில் இருக்கிறது. கையேடு எழுதிக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். அந்த வரியில் பிழை திருத்தியவர் இறந்துபோனவர்தான்.

உள்ளே விசிறி நின்றது. அது ஓடிக்கொண்டிருந்தது அப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது.

மறுபடி அழுத்தியதும் திரை வந்தது. அண்ணன் சீட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். திறந்திருந்த பக்கம் போய், வெறும் நீலம். நானும் தேடிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்; அவருக்கே என்னவோ போலிருந்திருக்க வேண்டும், "டீ அனுப்பறேன்," என்று நகர்ந்தார்.

"அப்போ இது ஓடிட்டுத்தான் இருந்துச்சா?"

"பதினொரு நாளா."

"நீங்க படிச்சீங்களா?"

"இல்ல சார். ஒண்ணே ஒண்ணு கேட்டார். 'மன்னிச்சிடுங்க'ன்னு போட்டா தப்பு என்னோடதாயிடும், 'மன்னிச்சிட்டேன்'னு போட்டா அண்ணனோடதாயிடும், எதப் போடறதுன்னு."

"எதப் போட்டான்?"

தெரியாது என்றேன். பொய்யாவது சொல்லியிருக்கலாம். இரண்டில் எந்தப் பொய் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்பதும் தெரியவில்லை.

அவர் தலையசைத்தார். பிறகு அந்த மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"சூடா இருக்கு," என்றார்.

டீ வந்தது. அவர் கையை எடுக்கவில்லை. பக்கத்தில் டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது.